ஏழைப் பண்ணை வீட்டின் உள்ளறைகள்: பேணுவதா, மீட்பதா, சாயல் கொடுப்பதா?

பழைய பண்ணை வீடு ஒன்று கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது மாளிகை இல்லை, உழைத்துப் பிழைத்தவர்கள் வாழ்ந்த வீடு. உள்ளே அந்தக் காலத்து எளிமையைத் திரும்பக் கொண்டுவர ஆசை. சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், என்ன மேசை நாற்காலி வாங்கலாம்?" பதிலாக ஒரு பட்டியல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பட்டியலுக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. அதை எடுக்காமல் கடைக்குப் போனவர்கள் பாதி வேலையில் நின்றுவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வழிகள் மூன்று. வீட்டில் இன்று இருக்கும் எல்லாக் காலத்து அடுக்குகளையும் ஏற்றுக்கொண்டு, பழுதை மட்டும் பார்த்துப் பேணுவது முதல் வழி. ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் வந்ததை நீக்கி, வீட்டை அந்தக் காலத்துக்கு மீட்பது இரண்டாவது. இன்றைய பொருள்களைக் கொண்டு பழைய தோற்றத்தின் சாயலை மட்டும் கொடுப்பது மூன்றாவது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று தொடக்கத்திலேயே நான் சொல்லப்போவதில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

எதை வைத்து எடை போடுவது

அளவுகோல்கள் ஐந்து. சுவரின் ஈரம், வீடு தரும் சான்று, செய்ததை மாற்றிக்கொள்ள முடிவது, அன்றாடப் புழக்கம், வெளியே தெரியாத செலவு. கடைசி நான்கையும் அந்தந்த வழியோடு சேர்த்துச் சொல்கிறேன். ஈரத்தைப் பற்றி மட்டும் இங்கேயே விரிவாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதன் மேல்தான் நிற்கின்றன.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அது எளிய வீடுகள் வரை வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன் கட்டிய வீடு என்றால் சுவர் மண்ணாகவோ, சுண்ணாம்புச் சாந்தில் வைத்த கல்லாகவோ செங்கல்லாகவோ இருக்கும். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு எதுவும் இருக்காது. அந்தச் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும். காற்றுப் பட்டதும் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூச்சோ, பிளாஸ்டிக் தன்மை கொண்ட பெயிண்டோ ஏறினால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல் போகிறது. அது இன்னும் மேலே ஏறுகிறது, உப்புப் பூக்கிறது, பூச்சு சுவரை விட்டுப் பிரிகிறது. இதைத் தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். விரல் மூட்டால் முழங்கால் உயரத்திலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்று வந்த ஒலி ஓரிடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் மாறும். அங்கே பூச்சுக்கும் சுவருக்கும் உறவு முறிந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

ஆகவே எந்த வழியில் போனாலும், பழைய சுவரின் மேல் ஏறப்போகும் பொருள் ஈரத்தை வெளியே விடுமா என்பதுதான் முதல் கேள்வி. அழகு அதற்குப் பிறகுதான்.

முதலில் வீட்டைப் படியுங்கள்

ஏழை வீட்டைப் பற்றி யாரும் ஓவியம் தீட்டி வைக்கவில்லை. கணக்குப் புத்தகமும் பெரும்பாலும் கிடைக்காது. சில நாடுகளில், இறந்தவரின் உடைமைகளை அறை அறையாக எழுதிய பட்டியல்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் அது பொக்கிஷம். கிடைக்காவிட்டால் வீட்டைத்தான் கேட்க வேண்டும்.

ஆணியிலிருந்து தொடங்கலாம். கொல்லன் அடித்த ஆணியின் தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரியும். உடல் நான்கு பக்கமும் சரிந்து கூராகும். தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய ஆணி 1790களில் தொடங்கி அடுத்த நூற்றாண்டு முழுவதும் புழங்கியது. இன்று நாம் காணும் உருண்டைக் கம்பி ஆணி 1890களுக்குப் பின்தான் எங்கும் பரவியது. பலகையின் பின்புறத்தையும் பாருங்கள். நேர்கோடாக, ஒன்றுக்கொன்று சற்றே கோணலாகத் தடங்கள் இருந்தால் கைரம்பம். வளைந்த வில் வில்லாக இருந்தால் வட்ட ரம்பம். சன்னல் கண்ணாடி வழியே பார்க்கும்போது வெளியே இருக்கும் மரம் நெளிந்தால் அந்தக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் தட்டைக் கண்ணாடி 1959இல்தான் அறிவிக்கப்பட்டது. நெளியும் கண்ணாடி அநேகமாக அதற்கு மூத்தது.

வண்ணத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு வீட்டின் சமையலறையில், கதவு நிலையை ஒட்டி யார் கண்ணிலும் படாத இடத்தில், காசளவு வட்டத்தை ஈரம் தொட்டு மெல்லத் தேய்த்து இறக்கினேன். வெங்காயத்தை வெட்டினாற்போல் வளையங்கள் தெரிந்தன. மேலே பாலேட்டு நிற எமல்ஷன் (பிளாஸ்டிக் தன்மை கொண்ட இன்றைய பெயிண்ட்), அடுத்து பளபளக்கும் பச்சை, அதன் கீழே மங்கிய பழுப்பு, அதன் கீழே கண்ணைப் பறிக்கும் நீலம், பிறகு எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய வெள்ளைகள். அந்த நீலத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகத்தில் ஏமாற்றம். ஏழை வீடு என்றால் வெள்ளையும் பழுப்பும்தான் என்று அவர் நினைத்திருந்தார். செயற்கை அல்ட்ராமரின் நீலம் தயாரிக்கும் முறை 1828இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நீலம் மலிவாயிற்று, சாதாரண வீட்டுச் சுவருக்கும் வந்தது. எளியவர்களுக்கு நிறத்தின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. விலைதான் எட்டாமல் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். சோதிக்காமல் உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. இன்னொன்று: எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மஞ்சளாகும் இயல்புடையது. திறந்த அன்றே நிறத்தைப் பொருத்த ஓடாமல், சில வாரங்கள் பகல் வெளிச்சம் பட விட்டுவிட்டுப் பாருங்கள்.

வழி ஒன்று: இருப்பதைப் பேணுதல்

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் சுரண்டித் தள்ளுவதைக் கண்டு கொதித்து, வில்லியம் மோரிஸ் 1877இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கினார். தேவைக்கு மேல் கை வைக்காதே, தொடர்ந்து பராமரி என்பது அதன் நிலை. மாதா கோவில்களை முன்னிட்டுப் பிறந்த எண்ணம் என்றாலும் ஏழை வீட்டுக்குத்தான் அது மிகப் பொருந்துகிறது என்பேன். பணக்காரர் ஒரே மூச்சில் வீட்டை அலங்கரித்தார். ஏழை அப்படிச் செய்யவில்லை. தாத்தாவின் கட்டிலும், அப்பா வாங்கிய மண்ணெண்ணெய் விளக்கும், மகள் ஒட்டிய படமும் ஒரே அறையில் இருந்தன. அந்தக் கலப்புதான் அந்த வீட்டின் பாணி.

நடைமுறையில் இது என்ன கேட்கிறது? விரிசலுக்குச் சுண்ணாம்புக் காரை, இற்றுப்போன பலகை முனைக்கு அந்த முனையளவு புது மரம், உதிரும் வெள்ளைக்கு மேல் மறுபடி வெள்ளை. கதவடியில் கால் பட்டுத் தேய்ந்து குழிந்த படியை நிரவ மாட்டீர்கள். பச்சைப் பெயிண்ட் உறுதியாக இருந்தால் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மறைந்திருக்கும் செலவு, நேரம்தான். முழுப் பலகையை மாற்ற அரை நாள் போதும். முனையை மட்டும் வெட்டி இணைக்க நல்ல தச்சருக்கு ஒரு நாள் ஆகும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் காரை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இறுகும் வரை வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பிறகு, வருகிறவர்களின் கேள்வி: "வேலை எப்போது முடியும்?" முடிந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும். இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லா அடுக்கும் மதிப்புக்குரியது அல்ல. பாதியில் வந்த சில தரை ஓடுகளிலும் பலகைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைப் பேணுதல் என்ற பெயரில் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவைக்க முடியாது. உடைக்காமல் சோதித்து, தேவையானால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டுதான் நீக்க வேண்டும்.

வீடு அதிகம் சிதையாமல் கைக்கு வந்தது, பணம் சிறுகச் சிறுகத்தான் வரும், அவசரம் இல்லை என்றால் இந்த வழிக்கு ஈடு கிடையாது. செய்ததில் பெரும்பாலானதைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

வழி இரண்டு: ஒரு காலத்துக்கு மீட்டல்

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் மீட்டமைத்தலுக்குத் தந்த விளக்கம் துணிச்சலானது: எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூடக் கட்டடத்தைக் கொண்டுவரலாம் என்றார். 1964இன் வெனிஸ் சாசனம் நேர் எதிராகச் சொல்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைத்தல் நிற்க வேண்டும், எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும். மீட்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

சான்று வலுவாக இருந்தால் இந்த வழியின் பலன் வேறு எதிலும் கிடைக்காது. ஒரு நல்ல மீட்பு அறைக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது பொருள்கள் அல்ல, வெறுமை. ஒரு மேசை, ஒரு விசிப்பலகை, பொருள்களை மாட்டச் சுவரில் வரிசையாக மர முளைகள், ஒரு பெட்டி. அவ்வளவே. ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியுஸ் 1891இல் திறந்த ஸ்கான்சென் போன்ற திறந்தவெளி அருங்காட்சியகங்களில் உழவர் வீடுகளைச் சுற்றிப் பார்ப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ளலாம்: எளிய அறைகளில் சுவரோரம்தான் பொருள்கள், நடுவிடம் வேலைக்கு.

ஆனால் பலர் செய்வது என்ன? பழம்பொருள் கடையில் "நாட்டுப்புறம்" என்று சொல்லி விற்கும் எல்லாவற்றையும் வாங்கி நிரப்புகிறார்கள். மூன்று தயிர் மத்து, ஐந்து செப்புப் பாத்திரம், சுவர் முழுக்க அரிவாளும் கலப்பைக் கொழுவும். அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் இதைப் பார்த்தால் இத்தனை சொத்து யாருடையது என்று கேட்பார்கள். கொழு கொட்டகையில் இருந்தது. வரவேற்பறைச் சுவரில் இல்லை.

இன்னொரு பிழை: 1850 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லாப் பொருளையும் 1850ஆம் ஆண்டுக்குரியதாகவே வாங்குவது. அந்த ஆண்டு அந்த வீட்டில் புதிதாக இருந்தது ஒன்றோ இரண்டோதான். மற்றவை அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகள் மூத்தவை, ஒட்டுப் போட்டவை.

இதன் மறை செலவுகள் கனமானவை. மின்கம்பியை, தண்ணீர்க் குழாயை, குளிர்சாதனப் பெட்டியை மறைக்கும் மரவேலைக்கே தனிச் செலவாகும். திறந்த அடுப்பில் நெருப்பு மூட்ட வேண்டுமானால் புகைபோக்கியைச் சோதித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அந்த ஆசை வேண்டாம். பழைய மரச்சாமானோடு துளைக்கும் வண்டும் வீட்டுக்குள் வரும். வாங்கிய பொருளின் கீழே கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிர்ந்த மரத்தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீக்கிய அடுக்கு திரும்ப வராது. அந்தப் பச்சையைச் சுரண்டி எறிந்த பிறகு அடுத்த தலைமுறை அதைக் கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது. குறைந்தது ஒரு சாண் பட்டையையாவது கதவுக்குப் பின்னால் விட்டுவையுங்கள்.

முழு வீட்டுக்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. பின்னால் வந்த அடுக்குகள் ஏற்கெனவே நாசமாகி, அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும் ஓர் அறைக்கு, தாராளமாக.

வழி மூன்று: சாயல் மட்டும்

இதை இகழ்வது ஒரு நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாடகைக்கு இருப்பவர், அடுத்த மாதமே குடிபுக வேண்டியவர், ஏற்கெனவே சிமெண்டில் கட்டிய பின்கட்டு அறை வைத்திருப்பவர், இவர்களுக்கு இதுதான் நேர்மையான வழி. சிமெண்ட் சுவரில் சுண்ணாம்பு அடித்து "பழசு" என்று சொல்வதைவிட, பளபளப்பில்லாத எமல்ஷனை அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பது மேல்.

ஏமாற்றுவது எங்கே என்றால், பழைய மண் சுவருக்கும் அதே எமல்ஷனை அடிப்பதில். முதல் ஆண்டு படம் எடுத்து எல்லோருக்கும் காட்டலாம். பிறகு கொப்புளம், உரிதல், மறுபடி பூச்சு. மலிவு என்று நினைத்தது மீண்டும் மீண்டும் கேட்கும். ஆலையிலேயே தேய்த்து, சங்கிலியால் அடித்துப் பழசாக்கிய மேசையும் அப்படித்தான். உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில், கால் உரசும் விளிம்பில் இருக்கும். ஆலைத் தேய்மானம் எல்லா விளிம்பிலும் சமமாக இருக்கும். அதைவிடத் தேய்க்காத எளிய புது மேசை நூறு மடங்கு நல்லது. பத்தாண்டில் தானே தேயும்.

| அளவுகோல் | பேணுதல் | மீட்டல் | சாயல் |
|---|---|---|---|
| பழைய சுவரின் ஈரம் | பொருந்தும் | சுண்ணாம்பு, மண் பயன்படுத்தினால் பொருந்தும் | எமல்ஷன் என்றால் ஆபத்து |
| தேவைப்படும் சான்று | குறைவு | மிக அதிகம் | தேவையில்லை |
| பின்னால் மாற்ற முடியுமா | பெரும்பாலும் | நீக்கியது திரும்பாது | முடியும், சுவர் பாழாகாதவரை |
| அன்றாடப் புழக்கம் | பழகிக்கொள்ளலாம் | சிரமம் | எளிது |
| மறைந்திருக்கும் செலவு | நேரம், கைவினைஞர் | மறைப்பு வேலை, பழம்பொருள் | மறுபூச்சு |

சுவர்ப்பூச்சு: தனியாக ஒரு சொல்

மூன்று வழிகளிலும் இந்தக் கேள்வி வருவதால் இங்கே சேர்க்கிறேன். சுண்ணாம்பு வெள்ளை அடிக்கும்போது பாலைத் தண்ணீரில் கலந்து பூசியதுபோல் ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று கெட்டியாக அடிப்பவர்கள்தான் பிறகு அது செதில் செதிலாக உதிர்கிறது என்று குறைப்படுகிறார்கள். சுவரை நனைத்து, மெல்லிதாக, நான்கைந்து முறை. உலர உலரத்தான் வெள்ளை ஏறும். காரத்தன்மை மிகுந்தது, கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தூரிகையைத் தொடாதீர்கள். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி போன்ற காரம் தாங்கும் மண் நிறங்கள் கலக்கலாம்.

சீமைச் சுண்ணாம்புத் தூளும் விலங்குப் பசையும் கலந்த பழைய வகை டிஸ்டம்பர் இதைவிட மென்மையான தோற்றம் தரும். ஆனால் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், மறுபடி அடிக்கும் முன் பழையதைக் கழுவி எடுக்க வேண்டும். ஆகவே கூரையடிக்குச் சரி, நடைவழிக்குச் சரியில்லை. கண் கூசும் தூய வெள்ளை எந்தப் பூச்சில் வந்தாலும் பழைய அறைக்கு அந்நியம். அந்த வெள்ளையைத் தரும் டைட்டானியம் வண்ணப்பொடி முதல் உலகப் போர்க்காலத்தில்தான் வணிகத்துக்கு வந்தது.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

தரை? பழைய தரையை எடுத்துவிட்டு ஈரத்தடுப்புத் தாள் விரித்து கான்கிரீட் கொட்டினால், அங்கே எழ வேண்டிய ஓதம் சுவரைத் தேடிப் போகும். அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும்.

விளக்குதான் பலரும் மறப்பது. ஒளியின் அளவை லூமனில் சொல்வார்கள்; ஒரு மெழுகுவர்த்தி தருவது ஏறக்குறைய 12 லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு 800 லூமன். கூரை நடுவில் ஒரு பெரிய வெள்ளை விளக்கைப் போட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அறை மருந்துக்கடைபோல் ஆகிவிடும். மேசைக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று எனத் தாழ்வாக, 2700 கெல்வினுக்கு மேல் போகாத, அதாவது மஞ்சள் சாயல் ஒளி தரும், எல்இடி போதும். மூலைகள் இருட்டாகவே இருக்கட்டும்.

கலந்து செய்யலாமா?

செய்யலாம், நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன். முன்னறையும் படுக்கையறையும் பேணுதல். சான்று கிடைத்த ஓர் அறை மட்டும் மீட்டல். குளியலறையும் பின்னால் கட்டிய பகுதியும் கூச்சமில்லாமல் புதியவை. ஆனால் எதையும் தொடங்கும் முன் எல்லாப் பருவங்களும் ஒரு சுற்று வரட்டும். எந்த மழைக்கு எந்தச் சுவர் நனைகிறது, எந்தச் சன்னலில் எந்த மாதம் வெயில் இறங்குகிறது என்பதை அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

நீல அடுக்கைப் பார்த்து ஏமாற்றமடைந்த அதே வீட்டுக்காரர், பிறகு அந்தச் சமையலறையை நீலத்துக்கே மீட்டார். சுவரில் ஏழு மர முளைகள். நான்காவது இல்லை, துளை மட்டும் இருந்தது. புதிதாகக் கடைந்து, சாயம் ஏற்றிப் பழசுபோல் ஆக்கிச் செருகலாமா என்று கேட்டார். கடைந்து செருகுங்கள், சாயம் வேண்டாம், சுவருக்குள் போகும் முனையில் ஆண்டைப் பென்சிலால் எழுதிவிடுங்கள் என்றேன். இப்போது அதில்தான் அவருடைய தொப்பி தொங்குகிறது.